முன்பனித் தாள்

ஜூன் 10

கழித்துப் போட்டவற்றிலிருந்து இந்த டைரியை எடுத்துக்கொண்டேன். வெட்டும் மிஷினில் யாரோ கோணலாக மாட்டியதில் மேல்பக்கம் ஒல்லி, கீழ்பக்கம் தடி. அச்சகத்தில் வேலை பார்ப்பவளுக்கு நேரான டைரி கிடைக்காது. ஜனவரியிலிருந்து மே வரை காலியாகக் கிடக்கிறது. எழுதவும் அதில் ஒன்றும் நடக்கவில்லை.

போன வருஷம் ஒரு பார்ட்டி, தான் சொன்ன திருத்தத்தை நாங்கள் செய்யவே இல்லை என்று சண்டைக்கு வந்தது. அதனால் இந்தத் தடவை எந்த நாளில் என்ன செய்தேன் என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. முதலாளி கனகவேல் சிவகாசியில் எல்லோருக்கும் அண்ணாச்சிதான்.

காலையில் கூப்பிட்டுச் சொன்னார். "புஷ்பம், சாமி படம் எல்லாரும் போடுறான். அருவி, மான், மயில் எல்லாரும் போடுறான். நாம மனுச வாழ்க்கையப் போடுவோம்."

காலண்டருக்கு ஆறு தாள். தாளுக்கு இரண்டு மாதம். தமிழில் பருவமும் ஆறு. ஆயுளை ஆறாக வெட்டி ஒவ்வொரு பருவத்திலும் ஒரு துண்டை உட்கார வைக்க வேண்டும். ஒரே ஆண், ஒரே பெண். இளவேனிலில் பிள்ளைகள். முதுவேனிலில் வாலிபம். காரில் கல்யாணம். கூதிரில் குழந்தை குட்டி. முன்பனியில், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பதி. பின்பனியில் கிழவனும் கிழவியும். ஆடிப்பெருக்கு அன்று, ஏஜென்டுகள் ஆர்டர் பிடிக்கக் கொண்டுபோகும் மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும்.

முகங்களை நெட்டில் எடுக்கக் கூடாதாம். போன வருஷம் எடுத்த பெண் முகம் ஏதோ ஷாம்பு விளம்பரத்தில் இருந்ததாம். "நம்ம ஆளுங்க முகத்தையே எடுத்து, கொஞ்சம் மாத்திப் போடு" என்றார். கம்ப்யூட்டரில் படம் ஒட்டி வண்ணம் திருத்துவது என் வேலை. மாற்றுவதுதான் முழுநேரத் தொழில்.

ஜூன் 13

பெண் முகத்துக்கு என் போட்டோக்களையே எடுத்தேன். என் மேல் ஆசைப்பட்டு அல்ல. எட்டு வயதிலிருந்து ஐம்பத்தொரு வயது வரை ஒரே ஆளின் படங்கள் வேறு யாரிடமும் கைவசம் இல்லை.

கார் தாளில் மணப்பெண்ணுக்கு என் இருபத்துநான்கு வயதுப் படம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று ஸ்டூடியோவில் எடுத்தது. பதினொரு பிரதி போட்டோம். நான்கு திரும்பி வந்தன. மற்ற ஏழும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனவோ. அதன் பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார், தம்பி படித்தான், தம்பிக்குக் கல்யாணம் ஆனது, என் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கண் அப்படியே இருக்கட்டும். மூக்குத்தியை இடம் மாற்றினேன்.

ஜூன் 18

ஆண் முகத்துக்குத்தான் கஷ்டம். தாள் வெட்டும் கட்டிங் மாஸ்டருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. மேனேஜர் போட்டோ என்றாலே முறைக்கிறார். காளிராஜன் அண்ணன் முகம் வேலைக்குச் சுலபமாக இருந்தது. நேரான மூக்கு, நிழல் அதிகம் விழாத கண்.

அவர் நான்கு வண்ண மிஷினை ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது. மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகள், கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பத்தொன்பது வருஷமாக அவரை அண்ணே என்று கூப்பிடுகிறேன். அச்சகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பழைய படம் கேட்டேன். மறுநாளே கல்யாண ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"எல்லாம் அவளோட சேந்துதான் இருக்கு. தனியா எடுத்தது ஒண்ணுமில்ல" என்றார்.

"வெட்டி எடுத்துக்கிடுவேன்ணே."

"எடுத்துக்கோங்க. ஆல்பத்துல வெட்டிராதீங்க."

கம்ப்யூட்டரில்தான் வெட்டினேன். அந்த அம்மா தோளில் அவருடைய கை இருந்தது. கையைப் பிரித்து எடுக்க அரை நாள் ஆனது.

ஜூன் 26

தாள்களை வரிசைப்படுத்தும்போதுதான் தெரிந்தது. இளவேனில் சித்திரையும் வைகாசியும். காலண்டரோ ஜனவரியில் தொடங்குகிறது. ஜனவரி என்றால் மார்கழி, தை. அது முன்பனி. ஆக, வருஷம் ஐம்பது வயதுத் தம்பதியோடு தொடங்குகிறது. மார்ச்சில் அவர்கள் கிழவன் கிழவி ஆகிறார்கள். மே மாதம் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். செப்டம்பரில் கல்யாணம். டிசம்பரில் இடுப்பில் குழந்தையோடு முடிகிறது.

அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டார். "புது வருசத்த நரைச்ச தலையோட தொடங்கச் சொல்றியா? ஜனவரில பிள்ளைகளப் போடு."

"தை மாசத்துல இளவேனில்னு போட்டா பஞ்சாங்கம் பாக்கிறவங்க நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க அண்ணாச்சி."

இரண்டு நாள் யோசிப்பதாகச் சொன்னார்.

ஜூன் 28

யோசித்துவிட்டார். "வரிசை அப்படியே இருக்கட்டும். முடிக்கு மட்டும் மை அடிச்சிரு."

ஜூலை 9

முன்பனித் தாள் முடிந்தது. வாசல் முற்றம். காலை வெயில். மரப் பெஞ்சில் இருவரும். அவர் கையில் தம்ளர். அவள் அவித்த பனங்கிழங்கின் நார் உரித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் வேலியில் பனி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்க வைத்தால் சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிடுகிறது.

மை அடிக்கச் சொன்ன இடத்தில் காதோரம் கொஞ்சம் நரையை விட்டுவிட்டேன். அவருடைய மச்சத்தை எடுத்தேன், மீசையைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன், எனக்குக் கண்ணாடி மாட்டினேன். யாருக்கும் அடையாளம் தெரியாது.

ஜூலை 15

ஆல்பத்துக்கான முதல் அச்சு. காளிராஜன் அண்ணன் தாளை இரண்டு கையிலும் ஏந்தி என் மேஜைக்குக் கொண்டுவந்தார். வண்ணம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

"மச்சத்த எடுத்துட்டீங்க" என்றார்.

நான் வண்ணம் பார்க்கும் லென்ஸை எடுத்தேன்.

"எடுத்தாலும் தெரியுது. உங்களையும் தெரியுது."

"வேலைக்காகப் போட்டதுண்ணே."

"தெரியும்மா. ஒண்ணு கேக்கலாமா?" தாளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "நிசமாவே இப்படிச் சேந்து உக்காந்தா என்ன? மகள்ட்ட சொல்லிட்டுத்தான் கேக்கேன். அவளுக்குச் சம்மதம். பதில் இப்பவே வேணாம்."

மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குறைக்கச் சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பை இனி தனித் தாளில் எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 16

கூதிர் தாளில் குழந்தைக்கு ஒரு கையில் ஆறு விரல். திருத்தினேன்.

ஜூலை 24

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அண்ணே என்று வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. இன்றைக்கு "இந்தாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். கட்டிங் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "இந்தாங்க"வில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியதோ.

எனக்கு விருப்பம்தான். எழுதிவைப்பதில் தப்பில்லை. காலையில் எழுந்ததும் அந்த நினைப்பு வருகிறது, பல் தேய்க்கும்போதும் இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. இருப்பது அவன் வீட்டில். அது அப்பா வீடுதான், ஆனாலும் அவன் வீடு.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பூஜை போட்டு ஆல்பம் வெளியிட்டோம். சர்க்கரைப் பொங்கலில் நெய் ஜாஸ்தி. ஏஜென்டுகள் ஆளுக்கொன்றாக ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

போடியிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் முன்பனித் தாளை வெகுநேரம் பார்த்தார். நரையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அண்ணாச்சி என்னை முறைத்தார்.

"நம்ம கடைக்கு வந்து பட்டு எடுக்கிறது பொண்ணுக இல்லங்க, பொண்ணப் பெத்தவங்க. அவங்க மூஞ்சி மொதல்ல இருக்கட்டும்" என்றார் அவர். எட்டாயிரம் ஆர்டர். நரைக்கு யோசனை சொன்னது தான்தான் என்று அண்ணாச்சி மத்தியானமே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 21

மத்தியானச் சாப்பாட்டை அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு ஸ்டூல். அவருக்குச் சமையல் தெரிகிறது, உப்புதான் தெரியவில்லை. ஏழு வருஷமாகத் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு யார் சொல்வார்கள்.

"உப்பு இல்ல" என்றேன்.

"நாளைக்குப் போடுறேன்" என்றார்.

சம்மதம் என்று அந்த உப்புப் பேச்சுக்குள்ளேயே சொல்லிவிட்டேன் என்றே நினைக்கிறேன். தம்பியிடம் பேசிவிட்டு வாயால் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

ஆகஸ்ட் 25

அபிநயாவுக்கு வரன் அமைந்தது. என் தம்பி ஜெயசீலனின் ஒரே மகள். நான் தூக்கி வளர்த்தவள். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம், ஹார்டுவேர் கடை. கல்யாணம் நவம்பர் 17. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும். இப்போது என் பேச்சை எடுக்க நேரமில்லை.

செப்டம்பர் 4

ராஜபாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தார்கள். அவர்கள் கடைக்கு ஏஜென்ட் காலண்டர் ஆல்பம் காட்டினானாம். "உங்க வீட்டுல இருக்கிற அந்த அக்கா படம் பாத்தோம். கூட ஒருத்தர் உக்காந்திருக்காரே. கல்யாணமே ஆகலன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்களாம். கண்ணாடியெல்லாம் மாட்டி என்ன பிரயோஜனம்.

ஜெயசீலன் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சரசு அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. அவன் அச்சகத்துக்குப் பலதரம் வந்தவன். யார் என்று அவனுக்கும் தெரியும்.

"அது காளிராஜன் அண்ணன்தான?"

"ஆமா. வேலைக்காகப் போட்டது." பிறகு, எப்போதானாலும் சொல்லத்தானே வேண்டும் என்று சொன்னேன். "அவர் என்னையக் கேட்டிருக்காரு. எனக்கும் சம்மதம்தான்."

அவன் தரையைப் பார்த்தான். "அக்கா, பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கம். அத்தைக்காரி அம்பது வயசுல கல்யாணம் பண்றான்னா அவங்க என்ன நினைப்பாங்க? பிள்ளை வாழ்க்கைக்கா." கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அந்த முகத்த மட்டும் மாத்திருக்கா. ஒனக்கு அது ஒரு வேலையா?"

செப்டம்பர் 6

மாற்றினேன். தாடையை அகலமாக்கி, நெற்றியை ஏற்றி, மூக்கை வளைத்தேன். ஆறு தாளுக்கும் சேர்த்து ஒன்றரை நாள். முன்பனித் தாளுக்கு நாற்பது நிமிஷம். ஜெயசீலன் சொன்னது சரி. எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஏன் என்று அண்ணாச்சி கேட்டார். முகம் துணிக்கடைக்கு எடுப்பாக இல்லை என்றேன்.

செப்டம்பர் 9

அபிநயா கல்யாணம் முடியும்வரை ஒன்றும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லத்தான் போனேன். மிஷின் சத்தத்தில் "ஒண்ணும் வேண்டாம்" என்பது மட்டும்தான் வெளியே வந்தது. மீதியைச் சொல்லாமல் வந்துவிட்டேன். சத்தத்தின் மேல் பழி போடுகிறேன். மிஷினை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 19

போடி ஆர்டரின் முன்பனித் தாள் எட்டாயிரமும் இன்று மிஷினில் ஏறியது. ஓட்டியது அவர்தான். முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். கொஞ்சநேரம் பிடித்திருந்தார். பிறகு என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"கலர் பாருங்க."

"சரியா இருக்கு."

"கருப்பு ஏத்தவா?"

"வேணாம்."

கையெழுத்துப் போட்டேன். அவர் திரும்பிப் போய் எட்டாயிரம் தடவை என் பக்கத்தில் வேறொருத்தனை உட்கார வைத்தார். சாயங்காலம்வரை ஓடியது. ஒரு தாள்கூட வீணாகவில்லை.

செப்டம்பர் 20

லீவு. வயிறு சரியில்லை.

அக்டோபர் 8

போடி ஜவுளிக்கடைக்காரர் போன். பழைய ஆள் முகம்தான் குடும்பக்காரன் முகமாக இருந்ததாம், இது ஜப்தி செய்ய வந்த கோர்ட் அமீனா மாதிரி இருக்கிறதாம். அச்சாகிவிட்டது என்று அண்ணாச்சி சமாதானம் சொன்னார். பிறகு நரை விஷயம் மாதிரி இல்லாமல், இந்த யோசனை என்னுடையது என்று எல்லோரிடமும் சொன்னார்.

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். அவர் தன் ஸ்டூலைக் கிடங்குக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்.

அக்டோபர் 30

நாளைக்குத் தீபாவளி. சரசுவோடு முறுக்குப் பிழிந்தேன். மேனேஜர் வாயிலிருந்து கேட்டது: காளிராஜன் டிசம்பரோடு வேலையை விட்டுவிட்டு மகளிடம் கோயம்புத்தூருக்கே போய்விடுகிறாராம். மிஷினுக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள்.

முறுக்கு இரண்டு ஈடு கருகிப்போனது.

நவம்பர் 17

அபிநயா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது அழுதேன். எல்லோரும் அவளுக்காக என்று நினைத்தார்கள். பாதி அவளுக்காகத்தான்.

சம்பந்தியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலண்டர்ல உங்ககூட வேற யாரோ இருக்காங்களே, அன்னைக்கு நான் பாத்தவரு எங்க?" என்று கேட்டார்கள். குறை சொல்லும் குரலாக இல்லை. "அந்த சோடி நல்லா இருந்துச்சே, ஏன் மாத்துனீங்க?" என்றார்கள். போனில் கேட்டபோதும் இதே குரலில்தான் கேட்டிருப்பார்களோ என்னவோ. நானும் தம்பியும் விசாரிக்கவே இல்லை. நாங்களாகப் பயந்து, நாங்களாக மாற்றினோம்.

நவம்பர் 19

பந்தல் பிரித்தார்கள். பாத்திரங்களை எண்ணி வாடகைக்காரனிடம் ஒப்படைத்தேன். சரசு பலகாரத்தைப் பங்கு வைத்துக்கொண்டே சொன்னாள்: "அபிநயா உண்டானா பேறுகாலத்துக்கு மதினி மூணு மாசம் அவகூட இருக்கட்டும். பெறகு பிள்ளைய வளக்கவும் மதினிதான். அவுகளுக்கென்ன, ஒத்த ஆளு."

ஜெயசீலன் சரி என்றான். இன்னும் பிறக்காத பிள்ளைக்குக்கூட என்னை ஒதுக்கியாகிவிட்டது. அவர்கள் மேல் கோபமில்லை. நாலு பேருக்குப் பரிமாறும்போது எனக்கும் கேட்காமல் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்று நான்தான் கையை நீட்ட வேண்டும்.

நவம்பர் 20

காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன். "ஜெயசீலா, நான் காளிராஜனக் கட்டிக்கிடப் போறேன். அவர் இன்னும் சம்மதிச்சா."

அவன் இட்லியைப் பிட்டவன் அப்படியே வைத்திருந்தான். சரசு அவனைப் பார்த்தாள்.

"ஊரு சிரிக்குமேக்கா."

"சிரிக்கட்டும். ரெண்டு நாள் சிரிக்கும். பேறுகாலத்துக்கு வாரேன். அவரையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவன் கை கழுவிவிட்டு எழுந்து போனான். தட்டில் மூன்று இட்லி அப்படியே இருந்தது. சட்னிக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அச்சகத்தில் முதலில் போய் மிஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சத்தம் அடங்கியதும் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"செப்டம்பர்ல நான் பாதிதான் சொன்னேன். கல்யாணம் முடியற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல வந்தேன். முடிஞ்சிருச்சு" என்றேன். "கோயம்புத்தூர் போகாதீங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"முகத்த ஏன் எடுத்தீங்க?" என்றார்.

"பயந்து."

"அன்னைக்கு எட்டாயிரம் ஓட்டுனேன்" என்றார். துணியை மடித்து மிஷின் மேல் வைத்தார். நான் நகரவில்லை. கடைசியில், "மகள்ட்ட சொல்லணும். டிக்கெட் போட்டுட்டா" என்றார்.

கட்டிங் மாஸ்டர்தான் மிஷினை மறுபடி ஓட்டிவிட்டார்.

நவம்பர் 28

ஜெயசீலன் எட்டு நாளாகப் பேசவில்லை. சோற்றை நான் போட்டால் சாப்பிடுகிறான். சரசு மட்டும், நான் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அன்னைக்கு ஒத்த ஆளுன்னு சொன்னது தப்பா மதினி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையைத்தானே சொன்னாள்.

டிசம்பர் 12

மார்கழி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. அதனால் கல்யாணம் இன்றே. குன்றின் மேல் முருகன் கோயில். அவருடைய மகளும் மருமகனும் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என் பக்கம் யாரும் இல்லை. கிளம்பும்போது ஜெயசீலன் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

கோயில் அலுவலகத்தில் தாலி கட்டுமுன் பதிய வேண்டும். அவர் கையில் முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ். என் கையில், இதுவரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றிதழ். அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்று ஜோடி. எல்லாம் அபிநயா வயது. எங்கள் முறை வந்தது. எழுத்தர் சின்ன வயதுக்காரர், தலை நிமிராமல் பதிவேட்டைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன்.

"நீங்க போடாதீங்கம்மா. பெத்தவங்க கையெழுத்து செல்லாது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற காளிராஜன் என்னைப் பார்த்தார். அவருடைய மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அரைக்கால் நிமிஷம்தான் இருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஐம்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் கல்யாணப் பொண்ணு என்று கூப்பிட்டதில்லை. அது நான்தான் என்று நானே எப்படிச் சொல்வது.

"பொண்ணு அவங்கதான் சார்."

ஜெயசீலன். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. சரசு வேட்டி துண்டுத் தாம்பாளத்தோடு பின்னால் நின்றாள். அவன் எழுத்தரிடம் இல்லை, வரிசையில் சிரித்தவர்கள் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். "எங்க அக்கா. இவங்கதான் பொண்ணு."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். என் வயதைக் கேட்டார்.

ஐம்பத்தொன்று என்றேன். எழுதிக்கொண்டார்.